திறவாத சூளைமுன் பஹ்மன்யாருக்கு

காஷான் நகரின் களிமண்ணைக் கனவு காண வைத்தவரே! வெள்ளைப் பளபளப்பின்மேல் வெள்ளியும் செம்பும் குழைத்துத் தோட்டங்கள் தீட்டிய தூரிகைச் செல்வரே! புகைக்குள்ளிருந்து பொன்னொளி பிறப்பித்த எங்கள் ஆசானே, உஸ்தாத் பஹ்மன்யாரே! தங்களுக்கு எங்கள் சலாம்!

தாங்கள் சுவரோடுகளில் தீட்டிய முயல்கள் ஓர் ஓட்டின் ஓரம்வரை ஓடி, அடுத்த ஓட்டில் இளைப்பாறின. மதிய உறக்கத்தில் தங்கள் மீன்கள் எங்கள் மூச்சுக்குள் நீந்தியதுண்டு. நீலம் தீட்டும் கூஷ்யாரை, "நீலம் யாரு வேணாலும் பூசலாம்யா. சேத்தைப் பூசிப் பொன்னாக்கிக் காட்டு, பாப்போம்!" என்று வம்புக்கு இழுப்பீர்கள். அவரும் விடமாட்டார்: "பொன்னு பொன்னுன்னு பாதிச் சூளையைக் கரியாக்கினவரு நீங்கதானே!" பிறகு இருவரும் ஒரே தட்டில் மாதுளை தின்பீர்கள்.

வணிகர் மாளிகைச் சுவருக்காகத் தாங்கள் தீட்டிய கடைசி ஓடுகள், இதோ, இந்தச் சூளைக்குள் இருக்கின்றன. புகையூட்டி வாயடைத்தாயிற்று. தப்ரீஸில் மகள் வீட்டுக்குத் தங்களை ஏற்றிச் செல்லும் ஒட்டகங்கள் சற்று நேரத்தில் புறப்படும். சூளை ஆறவோ பல நாளாகும். "ஒரே ஒரு ஓடு எடுத்துக் காட்டுங்கப்பா. பாத்துட்டுப் போயிடறேன். இந்த உடம்பு இனி திரும்பி வராது" என்று காலையில் கேட்டீர்கள். ஆனாலும் மறுத்தோம். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு ஒளியெல்லாம் எரிந்துபோகும்; அப்படித் திறந்தவர்களைத் தாங்களே பட்டறையை விட்டுத் துரத்தியிருக்கிறீர்கள். கூஷ்யார்தான் சூளைவாயை மறித்து உட்கார்ந்து, "என்னைத் தூக்கிப் போட்டுட்டுத் திறங்க" என்று அழுதார். எங்களை மன்னியுங்கள்.

ஆறி வரும் ஓட்டின்மேல் மண் படிந்திருக்கும். துடைத்தால்தான் பொன்னா கரியா என்று தெரியும். பக்கத்து ஓடு பொன்னாகி இது மட்டும் கரியாவதும் உண்டு. தாங்கள் கடைசியாகத் தீட்டிய ஓட்டைத் துடைக்காமல், துணியில் சுற்றி, அடுத்த வணிகர் கூட்டத்தோடு அனுப்புகிறோம். எங்களில் எவரும் அதைப் பார்க்க மாட்டோம். தங்கள் கட்டைவிரல்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நோயின்றி, நோவின்றி, நெடுங்காலம் வாழ்க! மாளிகைச் சுவரில் அந்த ஓட்டின் இடம் வெறுமையாகவே இருக்கும். மாளிகைக்காரர் சீறினால், "அது உஸ்தாதைப் பாக்கப் போயிருக்கு எஜமான்" என்று சொல்லிக்கொள்கிறோம்.

இவண்,
கூஷ்யாரும் சூளைத்தெருப் பட்டறையாரும்