பத்தரை வோல்ட்

என் கையெழுத்து மணி மணியா இருக்கும்னு பள்ளிக்கூடத்துலயே சொல்வாங்க. அதனால, நேத்து அக்கா கம்ப்யூட்டர்லேர்ந்து நீங்க கழற்றின பவர் சப்ளை மேல "செத்தது"ன்னு மார்க்கர்ல எழுதினது யாருன்னு நீங்க கேட்கவே வேண்டாம், அண்ணே. நான்தான். பழுதான சாமானைக் கழற்றினா மேல எழுதி ஓரங்கட்டறது நம்ம ரிப்பேர் தொழில் வழக்கம். அழிக்கச் சோம்பல்பட்டு அது மேல ஒரு வாரண்டி ஸ்டிக்கரை ஒட்டினேன். அதை உரிச்சுப் பார்க்கிற ஆளும் இருக்கார்னு நேத்துதான் தெரிஞ்சுது. அந்த மானிட்டரைத் தள்ளி வச்சுட்டு உட்காருங்க.

முழுசா சாகலை, அண்ணே. சும்மா இருக்கும்போது பன்னிரண்டு வோல்ட் சமத்தா குடுக்கும். பெரிய வரைபடத்தைத் திறந்து மெஷின் மூச்சு வாங்க ஆரம்பிச்சா பத்தரைக்கு இறங்கும், பட்னு அணைஞ்சுடும். எனக்குப் பிடிபடலைன்னு நான் கையை விரிச்சதும், உங்களுக்கு முன்னாடி அக்கா மூணு மெக்கானிக்கைக் கூப்பிட்டா. மூணு பேரும் மூடியைக் கழற்றி, "ஃபேன் சுத்துது, லைட் எரியுது, பவர் ஓகே"ன்னாங்க. ஒருத்தர் ராம் மாத்தினார். ஒருத்தர் ஹார்டு டிஸ்க் மாத்தினார். மூணாவது மகான் எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்திட்டு டீ குடிச்சுட்டுப் போனார். வேலை ஓடும்போது மீட்டரை வச்சுப் பார்த்த முதல் ஆள் நீங்கதான். மரியாதையா இருக்கு.

அக்கா கட்டட வரைபடம் போடறவ. அத்தான் விட்டுட்டுப் போனப்புறம் மகளோட என் வீட்டு மாடிக்கு வந்தா. மகளை வாண்டுன்னு கூப்பிடுவோம். ஒருநாள், "வேற ஊர்ல ஒரு ஆபீஸ்ல வேலை தர்றாங்கடா, மாதிரிக்கு ஒரு வரைபடம் போட்டு அனுப்பினா போதும்"னா. ரொம்ப சந்தோஷமா சொன்னா. எனக்கு அன்னிக்கு சோறு இறங்கலை. ரெண்டு பேரும் போயிட்டா அவ்வளவு பெரிய வீட்டுல நான் சுவரோடவா பேசறது? அந்த ஒரு தேதி தாண்டட்டும்னுதான் அந்தச் செத்ததை அவ மெஷின்ல மாட்டினேன். ஆபீஸ்காரங்க நல்ல மனுஷங்களா போயிட்டாங்க, திரும்பத் திரும்பத் தேதி குடுத்தாங்க. அதுக்கு நான் என்ன பண்றது.

"எனக்கு மட்டும் ஏண்டா இப்படி ஆகுது?"ன்னு அவ கேட்டா. ஏதாவது பதில் சொல்லணுமே. "உன் உடம்புல கரண்ட் ஜாஸ்திக்கா, நீ தொட்டா மெஷின் தாங்காது"ன்னேன். விளையாட்டுக்குத்தான். அவ நம்பிட்டா. முதல்ல ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு வரைய உட்கார்ந்தா. அப்புறம் லைட் போடக்கூட கீழேர்ந்து என்னைக் கூப்பிட ஆரம்பிச்சா. ஆறு மாசமா வாண்டுக்குத் தலை பின்னறதில்லை. பிள்ளைக்கு ஷாக் அடிச்சுடுமாம். இப்போ நான்தான் பின்னி விடறேன், கோணலா இருக்குன்னு அது என்னைத் திட்டும். "மாமா, அம்மா ஏன் என்னைத் தொடவே மாட்டேங்கறா?"ன்னு போன வாரம் கேட்டுது. அம்மாவுக்கு வேலை ஜாஸ்தின்னு சொல்லி வச்சிருக்கேன்.

நேத்து நீங்க புதுசு மாட்டினப்புறம் மெஷின் ஒரு தடவைகூட அணையலை. சாயங்காலம் அக்கா வாண்டு கன்னத்தை ஒரு விரலால தொட்டுப் பார்த்தா. ஒண்ணும் ஆகலைன்னதும் அப்படியே இழுத்து அணைச்சுக்கிட்டா. கதவுக்கிட்ட நின்னு பார்த்தேன், எனக்கே கண் கலங்கிடுச்சு. "இன்னும் ஒரே ஒரு தேதி குடுத்திருக்காங்கடா, நாளைக்கு அஞ்சு மணி. அனுப்பிட்டா கிளம்பிடலாம்"னா.

இன்னிக்குக் காலையில தூசி தட்டித் தர்றேன்னு மாடிக்குப் போனேன். உங்க புது பவர் சப்ளை இப்போ இங்க இந்த மேஜைக்கு அடியில இருக்கு, போகும்போது மறக்காம எடுத்துக்குங்க. நல்ல சாமான். "செத்தது"ன்னு எழுதினதுல என்கிட்ட இன்னும் நாலு இருந்துது, இப்போ மூணு.

போன் அடிக்குது, அக்காதான். மணி நாலரை. அழுதுக்கிட்டு இருப்பா, நான் போய்ப் பக்கத்துல உட்காரணும். இந்த மாதிரி நேரத்துல நானும் இல்லேன்னா, பாவம், அவளுக்கு வேற யார் இருக்கா, சொல்லுங்க.