ஞாயிறு நாலு மணிக் கேள்விகள்

– சாப்பிட்டேன். படிச்சேன். அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கேன். மூணும் ஆச்சு. வேற கேள்வி இருக்கா அண்ணி?

– பெர்மெத், நான் இன்னும் எதுவும் கேக்கவே இல்லையே.

– கேக்கத்தானே போறீங்க. எல்லா ஞாயித்துக்கிழமையும் அதே மூணு, அதே வரிசை. நேரம் மிச்சமாகட்டும்னு முன்னாடியே சொல்லிட்டேன்.

– சரி... அதாவது, என்ன சாப்பிட்டே?

– ஆ, இது புதுசு! ரொட்டியும் பாலாடையும். காலைல குதிரைப்பால். நல்லாப் புளிச்சிருக்கு. நீங்க குடிச்சா மூஞ்சி கோணிப் போகும்.

– அட்-பாஷியில மருமகளா அஞ்சு வருஷம் இருந்தவ நான். எனக்கா கோணும்?

– இப்ப பிஷ்கெக் பட்டணத்துக்காரி ஆயிட்டீங்கல்ல. கடைப்பால்தானே குடிக்கிறீங்க, டப்பால வர்றது.

– அத்தை எப்பிடி இருக்காங்க?

– அம்மாவுக்கென்ன. காலைலயே ரெண்டு பேரைத் திட்டியாச்சு. ஒண்ணு நாய், இன்னொண்ணு நான்.

– என்ன இப்பிடிக் காத்து இரையுது? எங்க நிக்கிறே?

– வேற எங்க, பாறை மேலதான். இந்த மேய்ச்சல் மேட்டுல இங்க மட்டும்தான் சிக்னல். இடது காலை இந்தப் பக்கம் நகத்தினேன்னா உங்க குரல் போயிடும்.

– நகத்தாதே.

– போன வாரமும் நகத்தாமத்தான் நின்னேன்.

– போன வாரம்... அதாவது...

– நாலு மணியிலேர்ந்து, ஆடு திரும்புற வரைக்கும்.

– பட்டறைல அவசர வேலை பெர்மெத். ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமையும் தைக்க வரச் சொல்லிட்டாங்க.

– அண்ணி.

– என்னம்மா?

– போன ஞாயித்துக்கிழமை எடுத்த உங்க எமிலோட பிறந்தநாள் போட்டோவை அண்ணன் அனுப்பியிருந்தாரு. அம்மாவுக்குப் பெருசு பண்ணிக் காட்டினேன். கேக் மேல கார் இருந்துச்சு. நீங்க பச்சை கவுன் போட்டிருந்தீங்க.

– மன்னிச்சுடு. பொய் சொல்லிட்டேன்.

– மறந்துட்டீங்களா, வேணும்னே விட்டீங்களா?

– மறந்துட்டேன். ஆறு மணிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. அப்பவாவது கூப்பிட்டிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு. போனைக் கவுத்து வெச்சுட்டேன்.

– மறந்தது பரவால்ல. கவுத்து வெச்சதுதான் நல்லா இல்ல.

– தெரியும்.

– அது என்ன சத்தம், சரசரன்னு?

– ஒண்ணுமில்ல.

– எல்லா வாரமும் கேக்குது. எழுதி வெச்சுப் படிக்கிறீங்களா?

– நோட்டு. என்னோட மாலை வகுப்பு நோட்டு.

– பாலர் பள்ளி டீச்சர் ஆகுறதுக்குப் படிக்கிறீங்களே, அதுவா? அதுல எனக்கென்ன வேலை?

– மார்ச்சுல எங்க டீச்சர் ஒரு வேலை கொடுத்தாங்க. பிள்ளைங்களைத் திருத்துறதுக்கு முன்னாடி உங்களைத் திருத்திக்கங்கன்னாங்க. ஒவ்வொருத்தரும் குறிக்கோள் எழுதணும். பெருசா எழுதக் கூடாது. நம்மால முடியுறதா, சின்னதா, செஞ்சதும் டிக் போடுற மாதிரி இருக்கணும்.

– நீங்க என்ன எழுதினீங்க?

– முதல்ல பெருசாத்தான் எழுதினேன். டீச்சர் கோடு போட்டு அடிச்சுட்டாங்க.

– என்னன்னு எழுதினீங்க?

– நல்ல தாயா இருக்கணும்னு.

– இதை ஏன் அடிக்கணும்?

– "நூர்சாத், இதுக்கு நீ எந்தத் தேதியில டிக் போடுவே?"ன்னு கேட்டாங்க. துண்டு துண்டா வெட்டுன்னாங்க. வெட்டினேன்.

– விருந்துக்கு ஆடு வெட்டுற மாதிரி! மாமாவுக்குத் தொடை, மருமகனுக்கு நெஞ்சு. எனக்கு எந்தத் துண்டு வந்துச்சு?

– கேலி பண்ணாதே.

– பண்ணல. படிங்க, கேப்போம்.

– வேணாம் பெர்மெத்.

– பாறை மேல நிக்கிறது நான். படிங்க.

– ஒண்ணு, காலைல எழுந்ததும் ரெண்டு டம்ளர் தண்ணி. ரெண்டு, தினமும் பத்து நிமிஷம் புத்தகம். மூணு, ஞாயிறு நாலு மணிக்கு பெர்மெத்துக்கு போன், மூணு கேள்வி.

– தண்ணிக்குக் கீழயா நான்?

– அப்பிடி இல்ல. சுலபமானதை முதல்ல எழுதச் சொன்னாங்க.

– அப்ப நான் கஷ்டமானவ.

– நீ இல்ல. அதாவது... உன்கிட்ட பேச எனக்குப் பயம். எழுதி வெச்சுக்கலைன்னா நாக்கு ஒட்டிக்குது.

– பன்னெண்டு வயசுப் பொண்ணுக்குப் பயப்படுறீங்களா? நெசமாவா? என்னைப் பாத்து ஆட்டுக்குட்டிகூடப் பயப்படாது. சரி, போன ஞாயித்துக்கிழமைக்கு என்ன போட்டிருக்கீங்க?

– அதை விடு.

– அண்ணி!

– டிக்.

– நெசமாவா?

– மறுநாள் வகுப்புல நோட்டைப் பாப்பாங்க. எல்லாருக்கும் கட்டம் நிரம்பியிருந்துச்சு. எனக்கு மட்டும் ஒண்ணு காலியா இருந்துச்சு. போட்டுட்டேன்.

– டீச்சர் கண்டுபிடிக்கலையா?

– ஒரு வாரம்கூடத் தவறலைன்னு எல்லார் முன்னாடியும் பாராட்டினாங்க. கை தட்டினாங்க.

– பாருங்களேன்! இங்க நான் நின்னதுக்கு அங்க கைதட்டு.

– நானும் சிரிச்சேன் பெர்மெத். எழுந்து நின்னு நன்றின்னு சொன்னேன். அதை நினைச்சாத்தான்...

– அம்மா, போன்ல யாரு?

– எமில், கொஞ்ச நேரம் இரு கண்ணா.

– பெர்மெத் அக்காவா? நான் பேசணும்! அக்கா, எனக்கு அஞ்சு வயசாயிடுச்சு!

– வாழ்த்துகள் எமில். ஆனா நான் அக்கா இல்ல, அத்தை. எத்தனை வாட்டி சொல்றது?

– அக்காதான்னு அப்பா சொன்னாங்க.

– உங்கப்பா எனக்கு அண்ணன். அண்ணனோட மகன் நீ. அப்ப நான் உனக்கு என்ன வேணும்? எண்ணிப் பாரு.

– அம்மா, இவ சண்டைக்கு வர்றா!

– போய் விளையாடு, போ. கதவைச் சாத்திட்டுப் போ... பெர்மெத், சின்னப் பையன். அவனுக்கு எப்பிடிப் புரியும்?

– எனக்கே மூணாம் வகுப்புலதான் புரிஞ்சுச்சு. பெத்தவங்க அண்ணனும் அண்ணியும், தாத்தா பாட்டிதான் அப்பா அம்மான்னு. எங்க வகுப்புல நாலு பேரு அப்பிடி. மூத்த பிள்ளையைத் தாத்தா பாட்டிக்குக் கொடுத்துடணும், அவ்வளவுதானே. எனக்குக் குறை ஒண்ணும் இல்ல. அம்மா என்னை நல்லாத்தான் வளர்த்தாங்க.

– தெரியும். அத்தையை நான் ஒருநாளும் குறை சொன்னதில்ல.

– அவனைக் கண்ணான்னு கூப்பிடுறீங்க.

– வாயில வந்துடுது.

– என் பேருக்கு வர்றதில்லையே.

– நீ அவங்க பிள்ளைன்னு ஆயிட்டே. மாமியார் முன்னாடி, மாமனார் இருந்தப்ப அவர் முன்னாடி, மூத்ததை நான் எப்பிடிக் கொஞ்சுறது? கொடுத்த பிள்ளையைத் தூக்கினா பிடுங்குற மாதிரி இருக்கும். நம்ம பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாதா?

– தெரியும். ஆனா நாரின் பஸ் ஸ்டாண்டுல யாரும் இல்லையே.

– எப்போ?

– எனக்கு ஏழு வயசு. அம்மா உங்களுக்கு டிக்கெட் வாங்கப் போயிட்டாங்க. பெஞ்சுல நீங்களும் நானும் மட்டும். பனி கொட்டுது. நம்மளைத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட இல்ல. நீங்க என் தொப்பியைச் சரி பண்ணிட்டு, கையை எடுத்துட்டீங்க.

– அது உனக்கு ஞாபகம் இருக்கா?

– உங்களுக்கு?

– எடுக்க மனசே இல்லாமத்தான் எடுத்தேன்... இல்ல. இதையும் அழகாச் சொல்லப் பாக்குறேன். பழக்கம் பெர்மெத். தானா எடுத்துட்டேன். வேன் கிளம்பி, அந்தக் கணவாய் தாண்டினதுக்கப்புறம்தான், அங்க யாருமே இல்லையேன்னு தோணுச்சு.

– தொப்பியை அப்புறம் நான் ரொம்ப நேரம் தொடல. நீங்க வெச்ச மாதிரியே இருக்கட்டும்னு.

– பெர்மெத்...

– அழாதீங்க. நான் சும்மா கேக்குறேன். என்னைக் கொடுத்தப்ப உங்களை யாராச்சும் கேட்டாங்களா?

– கேக்குற வழக்கம் இல்ல. உனக்கு நாப்பதாம் நாள். நாப்பது கரண்டி தண்ணி ஊத்திக் குளிப்பாட்டினாங்க. அத்தை உன்னை வெள்ளைத் துணியில சுத்தி மடியில வெச்சுக்கிட்டு, இவ இனிமே என் கடைக்குட்டின்னாங்க. எல்லாரும் வாழ்த்தினாங்க.

– நீங்க?

– நான் தேத்தண்ணி ஊத்திக்கிட்டிருந்தேன். அன்னிக்கு முப்பது பேர் விருந்துக்கு. கிண்ணத்துல பாதிதான் ஊத்தணும், சூடு ஆறாம இருக்க. பத்தொம்பது வயசு எனக்கு. கண்ணைத் தொடைச்சேன். என்னன்னு கேட்டவங்ககிட்ட ஆவி பட்டுடுச்சுன்னு சொன்னேன்.

– வேணாம்னு சொல்லியிருக்கலாமே.

– சொல்லலாம்னே தெரியாது அப்ப. அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் ஏழெட்டு வருஷம் சொல்லல. அதுக்கு வழக்கத்து மேல பழி போட முடியாது.

– நோட்டுல இன்னும் இருக்கா?

– இருக்கு. நாலு, செப்டம்பருக்குள்ள உன் தோழிங்க பேரைத் தெரிஞ்சுக்கணும்.

– பெகாய்ம், உமுத், இன்னொரு பெகாய்ம். முடிஞ்சுது. இதுக்குப் போயி செப்டம்பரா?

– அஞ்சு, டிசம்பருக்குள்ள உனக்கு அளவு சரியா பூட்ஸ் வாங்கணும்.

– போன தடவை அனுப்பினது மூணு நம்பர் சின்னது. பக்கத்துக் கூடாரத்துக் குட்டிப் பொண்ணுக்கு ரொம்ப அழகா இருக்கு.

– ஐயோ, ஏன் சொல்லல?

– நீங்க கேக்கல. என்னோட நம்பர் முப்பத்தேழு. எழுதிக்கங்க. அடுத்தது?

– அடுத்ததுதான் கடைசி. அது வேணாம்.

– அஞ்சு மாசமா உங்க மூணு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு.

– ஆறு, அடுத்த வசந்தத்துல அத்தைகிட்ட பேசணும்.

– எதைப் பத்தி?

– உன்னைப் பத்தி. இங்க கூட்டிட்டு வந்து படிக்க வைக்கிறதைப் பத்தி.

– அது ஏன் அடுத்த வசந்தம்? இப்ப ஆகஸ்ட்டுதானே.

– டீச்சர் தேதி போடச் சொன்னாங்க. அவங்க மேல தப்பில்ல. அவ்வளவு தள்ளிப் போட்டது நான்தான். கொடுத்ததைத் திருப்பிக் கேக்குற மருமகளை என்னன்னு சொல்லுவாங்க? வளர்த்தவங்க முகத்துல அடிச்ச மாதிரி. அதனால சின்னச் சின்னதா நடந்து போனா, என்னிக்காவது அங்க போயிச் சேந்துடலாம்னு நினைச்சேன்.

– அண்ணன் என்ன சொல்றாரு?

– நீயே பேசு, எங்கம்மான்னா எனக்கும் பயம்னு சொல்றாரு.

– அவரு பயந்தாங்கொள்ளிதான். அம்மாவே சொல்லுவாங்க.

– நானும்தான். சின்னதுன்னா வசதியா இருந்துச்சு பெர்மெத். தண்ணி குடிச்சுட்டு டிக் போட்டா, அன்னிக்கு ஏதோ செஞ்சுட்ட மாதிரி இருக்கும். அந்தக் கடைசி வரிக்கு ஒரு அடிகூட நான் எடுத்து வைக்கல.

– சரி. நோட்டை மூடுங்க.

– மூடிட்டேன்.

– சத்தம் கேக்கலையே.

– இப்ப கேட்டுச்சா?

– ம். இப்ப நோட்டு இல்லாம ஒண்ணு கேளுங்க.

– முதல்ல அத்தைகிட்ட பேசிட்டு, அப்புறமா...

– அம்மாகிட்ட இல்ல. என்கிட்ட.

– எனக்கு வரிசையா வராதும்மா.

– வராட்டிப் போகுது. கால் மரத்துப் போச்சு, சீக்கிரம்.

– எங்க வீட்டுல ஜன்னல் பக்கம் ஒரு கட்டில் போட இடம் இருக்கு. எமில் விடியறதுக்குள்ளயே கத்த ஆரம்பிச்சுடுவான். வாரத்துல மூணு நாள் நான் வகுப்பு முடிஞ்சு எட்டு மணிக்குத்தான் வருவேன். அப்ப நீதான் அவனுக்கு சூப் சுடவைக்கணும். இங்கேர்ந்து பாத்தா மலை தெரியும், ஆனா குதிரை கிடையாது. நல்ல தாயா இருப்பேன்னு சொல்ல மாட்டேன், எனக்கே தெரியல... இதெல்லாம் சுத்தி வளைக்கிறது. நீ எனக்கு வேணும் பெர்மெத். என்கூட வந்து இருக்கியா?... பெர்மெத்? காலை நகத்திட்டியா?

– இல்ல. இங்கதான் இருக்கேன்.

– அத்தை ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும். நாளைக்கே வேன் ஏறி வர்றேன். அவங்க முன்னாடி நின்னு கேக்குறேன். திட்டட்டும், ஊரைக் கூட்டட்டும், பரவால்ல.

– நானே கேட்டேன், அம்மா ஏப்ரல்லயே ஒத்துக்கிட்டாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் அவங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். யாரும் கேக்காமயே ஒரு மடியிலேர்ந்து இன்னொரு மடிக்கு நான் ஒருவாட்டி போயாச்சு அண்ணி, இந்தவாட்டியாவது யாராச்சும் என்னைக் கேட்டு வாங்கட்டும்னு இருந்தேன்.