குறட்டை கேட்டாத்தான் நிம்மதி

அந்தச் சத்தமோ, லைலா ராத்தா? நாயுமில்லை, பேயுமில்லை. உள்ள படுத்திருக்கிற என்ர மனுசன், ஸ்ரீகாந்த். இருட்டினாப் பிறகு இந்தச் செவன் ஹில்ஸ் ஊர் முழுக்கக் கேக்குது எண்டு உங்கட அவர் சொன்னதில பிழையே இல்லை. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த உடனயே உங்களுக்கு இப்பிடியொரு வரவேற்பு! உள்ளுக்கு வாங்கோ... இல்லையோ? சரி, வாசல்லயே நில்லுங்கோ.

நியூமோனியாவில ஐசியூவில கிடந்தவரெல்லோ. தொண்டைக்குள்ள குழாய், மெஷின்தான் மூச்சு விட்டது. குழாயை எடுத்து வீட்டை அனுப்பேக்க, ‘நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வருது, மாஸ்க் போட்டுத்தான் படுக்கோணும்’ எண்டு இன்னொரு சின்ன மெஷினைத் தந்துவிட்டினம். தந்தென்ன? ஒரு பிரயோசனமுமில்லை! பகலெல்லாம் தூங்கி வழியிறார். குவேக்கர்ஸ் ஹில் சிக்னலில காரை நிப்பாட்டிப்போட்டு அப்பிடியே நித்திரை! பின்னால ஹோர்ன் அடிச்சாப் பிறகுதான் முழிச்சவர்.

கிளினிக்கில இருந்து மிருணாளினி எண்டு ஒரு நேர்ஸ் போன் எடுப்பா. அந்த மெஷின் இன்டர்நெட்டில எல்லாத்தையும் அவவுக்குக் கோள் சொல்லிப்போடும். ‘ஏன் சார் தினமும் மாஸ்க்கைக் கழட்டுறீங்க?’ எண்டு கேக்கிறா. தமிழ்நாட்டுப் பிள்ளை, மரியாதையாத்தான் ஏசுவா. இவர் பிள்ளையில சத்தியம் பண்ணுறார், தான் கழட்டேல்லையாம்.

கழட்டேல்லைத்தான்... அது... நான்தான்.

அப்பிடிப் பாக்காதேங்கோ ராத்தா! மாஸ்க் போட்டா மனுசனிட்ட ஒரு சத்தமில்லை. உயிரோட கிடக்கிறாரோ இல்லையோ, எனக்கெப்பிடித் தெரியும்? கொன்வென்ட்டில படிச்சனான், சைவமெண்டாலும் மாதா செபம் மனப்பாடம். மூச்சுக் கேக்காட்டி மனசுக்குள்ள அதைத் தொடங்குவன். கடைசியில ‘மரண வேளை’ எண்டு ஒரு சொல் வரும், அதுக்கங்கால சொல்ல ஏலாது! இழுத்துக் கழட்டிப்போடுவன். உடன குறட்டை! அப்பாடா, இருக்கிறார்... எண்டு நானும் நித்திரையாப் போயிடுவன்.

என்ன? கழட்டினாத்தான் மூச்சு நிக்குமோ? சத்தமில்லாமக் கிடந்தா வடிவா மூச்சு விடுறார் எண்டு அர்த்தமோ? உங்கட தம்பியும் இந்த மாஸ்க் போடுறவரோ? ஐயோ... அப்ப இவ்வளவு நாளும் நான்...

ஸ்ரீ! எப்ப எழும்பினீங்கள்? கேட்டுட்டீங்களோ? இஞ்சேருங்கோ, மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்க போறியள்? தலகாணியுமோ? அந்த ஒஃபீஸ் அறைக்கோ? வேண்டாம், நான் தொடமாட்டன், மாதா மேல ஆணை! பக்கத்தில சும்மா இருந்து பாக்கிறன்... கதவையாவது திறந்து விடுங்கோ... ஸ்ரீ, கொண்டி போடாதேங்கோ!

போட்டிட்டார், ராத்தா.