‘பேர் வெட்டு’க்குக் கீழே மூன்று வரி

எனக்கு டெட்டோல் வாசம் பிடிக்கும், ஐயா. வேறு எந்த வாசத்தையும் நான் நம்புவதில்லை.

பேர் பழனியாண்டி, வயது எழுபத்தொன்று. தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் கங்காணியாக இருந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. பேர் வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்குமேல் தேவைப்படவில்லை.

நானும் தம்பி நல்லமுத்துவும் தோட்டத்து லயத்தில், ஒரே அறைக் காம்பராவில் இருந்தோம். நான் வேலை விட்டவன் என்பதால் காம்பரா அவன் பேரில். சீனி வருத்தத்தில் அவன் வலது கால் அழுகி நாலு வருஷமாகப் படுக்கை. தோட்டத்துக் கணக்கில் அவன் பேர் இருந்ததால் டிஸ்பென்சரியில் இருந்து இன்சுலினும் கட்டுத்துணியும் வரும். அவிழ்ப்பது நான், கழுவுவது நான். துணியோடு தோலும் கூடவே வரும். அதே கையால்தான் நான் ரொட்டி பிய்த்துத் தின்ன வேண்டும். லயத்துப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்து, “ஐயோ, பாவங்க” என்பார்கள். கால் கழுவும் பேசினைத் தொட ஒருத்தி வரமாட்டாள். காலைவிட அந்தச் சனங்களைப் பார்க்கத்தான் எனக்குக் குமட்டும்.

போன வருஷம் கம்பெனிக்காரர்கள் ஆபீசில் ஒரு ஏஐ கொண்டுவந்து வைத்தார்கள். பேர் பதிவது, பேர் வெட்டுவது, மருந்துக்குத் துண்டுச் சீட்டு கொடுப்பது எல்லாம் இனி அதுதானாம். ஒவ்வொரு வேலைக்கும் கீழே, அது என்ன வேலை, எப்போது செய்யலாம், செய்யுமுன் எதைப் பார்க்க வேண்டும் என்று மனுஷர் எழுதிவைக்க வேண்டும். எழுதியதைப் படித்துவிட்டு அது தன்பாட்டில் செய்யும். எழுதாததை யோசிக்காது. அந்த எழுத்து வேலை கிளாக்கர் டோரீன் தலையில் விழுந்தது. லிந்துலையில் இருந்து மாற்றலாகி வந்தவள். என்னைக் கூப்பிட்டாள்.

“கங்காணியாரே, ஒங்களவிட பேரு வெட்டுன ஆளு இந்தத் தோட்டத்துல இல்லங்கிறாங்களே.”

“பேரத்தான் வெட்டுனேன் மிஸ். தலைய இல்ல.”

சிரித்தாள். “யாருக்கு வெட்டணும்?”

“மூணு மாசமா வேலைக்கு வராத ஆளுக்கு.”

“வெட்டுறதுக்கு முந்தி எதாச்சும் பாக்கணுங்களா?”

பார்க்க வேண்டும். காலைப் பெரட்டில் ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது அந்தப் பேரை மூன்று நாள் உரக்கக் கூப்பிட வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கிறது, ஊருக்குப் போயிருக்கிறது என்று கூட்டத்தில் யாராவது பதில் கொடுத்தால் பேனாவை மூடிவிட வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். நான் ஒரு நாளும் தவறியதில்லை. நல்லமுத்து பேரைக் கூப்பிட்டபோதெல்லாம், பெரட்டுக்குப் போய்ப் பதில் கொடுத்ததும் நான்தான்.

“ஒன்னும் பாக்க வேணாம்,” என்றேன்.

“பிழையா வெட்டிட்டா திரும்பப் போடலாந்தானே?”

“போடலாம் மிஸ். ஒரு நிமிஷ வேல.”

மூன்று வரியாக எழுதிக்கொண்டாள். எனக்கு ஒரு பிளேன்டீயும் தந்தாள்.

திங்கட்கிழமை மெஷின் வேலையைத் தொடங்கியது. பகல் சாப்பாட்டுக்குள் அறுபத்தொரு பேர் வெட்டிவிட்டது. டொக்டர் படுக்கச் சொல்லி நாலு மாசமாக வீட்டிலிருந்த சுலக்ஷனாவும் அதில் ஒருத்தி. பிரசவ வலி வந்தபோது பேர் இல்லையென்று தோட்டத்து லொறி அவளை ஏற்றவில்லை. பிள்ளை பாதையில் பிறந்து பாதையிலேயே போனது. அவளை நான் நினைக்கவே இல்லை, ஐயா. நான் சொன்னது ஒரு பேருக்காக. மற்ற அறுபதும் அந்த மெஷினுடைய பேராசை.

டிஸ்பென்சரியில் தம்பியின் மருந்துத் துண்டையும் பேர் இல்லையென்று திருப்பிக் கொடுத்தார்கள். வெறுங்கையோடு வந்தேன்.

“பெரட்டுல என் பேரக் கூப்பிட்டாங்களாண்ணே?” என்று கேட்டான்.

“கூப்பிட்டாங்க.”

“ஒருத்தரும் பதில் குடுக்கலியா?”

“ஒருத்தரும் குடுக்கல.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் டோரீன் அழுதுகொண்டு லயத்துக்கே வந்தாள். “திரும்பப் போட முடியல கங்காணியாரே. பழைய பதிவே இல்ல. புது ஆளா ஆபீசுல வந்து நின்னுதான் பதியணுமாம். நாலு பேர அனுப்புறேன், நாக்காலியில தூக்கிட்டு வாங்க.”

“அவன் வரமாட்டேங்கிறான் மிஸ்,” என்று வாசலை மறைத்துக்கொண்டு சொன்னேன். அவனிடம் கேட்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அவளும் போய்விட்டாள். ஒன்பதாம் நாள் முடிந்தான்.

டோரீனை விசாரிக்கிறீர்களாம். விட்டுவிடுங்கள், அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். வெட்டிய பேர் திரும்ப ஏறாது என்பது கங்காணியான முதல் வருஷமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் போடலாம் என்றேன். செத்தவனுடைய அண்ணன் என்று காம்பரா இப்போது என் பேரில் இருக்கிறது. அதையும் எழுதுங்கள்.

கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அந்த ஒன்பது நாளும் நான் அவனைத் தொடவே இல்லை.