கடைசியாக ஓடியவளின் பின்னால் வந்தவர்கள்

அவைக்கு அழகாய், அமைதிக்கு அணையாய் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! பனிமலையின் உச்சியைத் தொட்டுவிட்டு வந்தும் பணிவு குறையாமல் எனக்கு முன் பேசி அமர்ந்த மலையேற்ற வீரர் அவர்களே! முதலில் ஓடி வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் வெற்றியாளர்களே! அடுப்பை அணைத்துவிட்டோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் என் அன்புத் தாய்மார்களே! மூட்டு வலியையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கும் பெரியோர்களே! ஒலிபெருக்கியை என் உயரத்துக்கு இறக்கித் தந்த தம்பியே! உங்கள் எல்லோரையும் எல்லாம் வல்ல இறைவனை வணங்கிய கையோடு வணங்குகிறேன்.

'மாரத்தானும் மலையேற்றமும் கற்றுத் தந்த வாழ்க்கைப் பாடங்கள்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். மலைக்கு அவர், மாரத்தானுக்கு இந்த அம்மாள் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை! நான் இரண்டையும் ஒரே நாளில் செய்தவள். அதுவும், மலை ஏறுகிறோம் என்று தெரியாமலே ஏறியவள்!

சிரியுங்கள், சிரியுங்கள். அன்றைக்கு ஆம்புலன்ஸில் இருந்தவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள்.

நான் ஏன் ஓடினேன்? உடல் இளைக்கவா? ஊர் மெச்சவா? இல்லை. எங்கள் வீட்டில் எதுவுமே முடிந்ததில்லை. என் கணவர் கூடத்துக்கு நீல வண்ணம் பூசத் தொடங்கினார்; மூன்று சுவர் நீலமாயிற்று, நான்காவது சுவர் இன்னும் காத்திருக்கிறது. நான் பின்னத் தொடங்கிய கம்பளிச் சட்டைக்கு ஒரு கைதான் உண்டு. அந்த வீட்டில் பிறந்த பெண் எப்படி இருப்பாள்? எல்லாப் பாடமும் தேறிவிட்டு, கணக்கில் மட்டும் தோற்றாள். மறுபடி எழுத மாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எழுதுடி கண்ணு" என்றேன்.

"நம்ம வீட்ல யாராவது எதையாவது முடிச்சிருக்கோமாம்மா? நீ ஒண்ணே ஒண்ணு முடிச்சுக் காட்டு. நான் எழுதறேன்."

அன்று செய்தித்தாளுக்குள்ளிருந்து மாரத்தான் துண்டுப் பிரசுரம் விழுந்தது. இதை ஆண்டவன் அனுப்பினான் என்கிறேன் நான். பேப்பர்காரர் போட்டார் என்கிறார் என் கணவர். ஒப்புக்கொண்டாயிற்று. நான் முடித்தால் அவள் எழுதுவாள். நான் முடிக்காவிட்டால் அந்தக் கதவு சாத்தியபடியே கிடக்கும்.

ஓடினேன்! என்னைக் கடந்து இளைஞர்கள் போனார்கள், முதியவர்கள் போனார்கள், வாழைப்பழ வேடம் போட்ட ஒருவர் போனார், அவர் பின்னால் என்னைப் பார்க்காமல் செல்பேசியில் பேசிக்கொண்டே ஒருவர் போனார். அதற்குப் பிறகு கடந்து போக ஆளில்லை.

அப்போதுதான் பின்னால் ஓர் உறுமல். ஓட்டத்துக்காகத் தெருவை அடைத்து வைத்த கூம்புகளை அள்ளிப் போகும் சின்ன லாரி! கடைசி ஓட்டக்காரரின் பின்னாலேயே வர வேண்டும், முந்தக் கூடாது என்பது அதற்கு விதித்த விதி. லாரிக்குப் பின் ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸுக்குப் பின், திறந்துவிட்ட தெருவில் நுழைந்து மாட்டிக்கொண்ட ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார். அதன் பின் யாரோ வீடு மாற்றிக்கொண்டு போகும் வண்டி, மேலே ஒரு கட்டில், கட்டில் மேல் மெத்தை!

அத்தனை பேரும் என் வேகத்தில் வந்தார்கள். என் வேகம் என்ன? பயிற்சிக் காரில் அன்றுதான் முதன்முதலாக ஸ்டீயரிங்கைப் பிடித்த பெண் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தாள். "அக்கா, இதே மாதிரி போங்க, நல்லா இருக்கு!" என்றாள். அதோ, நான்காவது வரிசையில் கை ஆட்டுகிறாள். உரிமம் வாங்கிவிட்டாள்!

ஆம்புலன்ஸ் செவிலியர் தலையை நீட்டி ஆசையோடு கேட்டார்: "அக்கா, தலை சுத்துதா?"

"இல்லம்மா."

"லேசாக்கூடவா?"

லாரி ஓட்டுநர் கெஞ்சினார்: "அம்மா, ஏறிக்குங்கம்மா. புண்ணியமாப் போகும்."

மெத்தை வண்டிக்காரர் இன்னும் கொடியவர். "மெத்தை புதுசுங்க" என்று மட்டும் சொன்னார். சோதனை என்றால் அதுவல்லவா சோதனை!

நம் வீரர் இப்போது சொன்னாரே, 'ஏறும்போது உச்சியைப் பார்க்காதே, உன் அடியைப் பார்' என்று? அன்று நான் அதைத்தான் செய்தேன். தலை குனிந்தேன், தரை பார்த்தேன், ஓடினேன். ஏற்றம் வந்தது. போகும் வழியில் ஒரு மேம்பாலம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். இதுதான் அது என்று ஏறினேன்.

நுழைவில் ஒரு காவலாளி என் கையில் சீட்டு ஒன்றைத் திணித்தார். "வண்டி எங்கம்மா?" என்றார். "பின்னால வருது" என்றேன். வந்தது. ஒன்றா, இரண்டா? நாலும் வந்தன!

ஏறினேன். வளைந்தது. ஏறினேன். மீண்டும் வளைந்தது. என்ன மேம்பாலம் இது, சுற்றிச் சுற்றிப் போகிறதே என்று தலை நிமிர்ந்தேன். பெருமக்களே! நான் நின்றது கடைவளாகத்தின் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் மொட்டை மாடி!

"ஏம்ப்பா, வழி தப்பினா சொல்லக் கூடாதா?" என்று லாரிக்காரரைக் கேட்டேன்.

"கடைசி ஆள் பின்னாலயே போன்னுதாம்மா சொன்னாங்க. எங்க போறாங்கன்னு கேக்கச் சொல்லல."

தலைவர் மணியைத் தொடுகிறார். தொடட்டும். பின்னால் லாரி உறுமியபோதே பதறாதவள் நான்!

வீரர் தம் உச்சியில் கொடி நட்டார். என் உச்சியில் நான் என்ன கண்டேன்? ஊர் முழுவதும் கண்டேன். தூரத்தில், ஓட்டம் முடியும் இடத்தில், காற்று நிரப்பி நிறுத்திய சிவப்பு வளைவைக் கண்டேன். அது மெல்ல, மெல்ல, மண்டியிட்டுக்கொண்டிருந்தது!

லாரிக்காரர் செல்பேசியில் கத்தினார். "கடைசி ஆள் இன்னும் வரலப்பா! காத்து எறக்காதீங்க!"

பதில் எனக்கே கேட்டது: "ரோட்ல உங்க லாரியே காணோம், முடிஞ்சு போச்சுன்னு நெனச்சோம். காத்தடிக்கிற மெஷினத் தூக்கி வண்டில வெச்சுட்டு ஆளுங்க கெளம்பிட்டாங்க."

சாத்திய கதவு என் கண்முன் வந்தது. செவிலியர் என் கையைப் பிடித்தார். "ஏறுங்கக்கா. கிட்டக்க இறக்கி விட்டுடறோம். யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்குத் தெரியும்? ஆண்டவனுக்குத் தெரியும்! வீட்டுக் கணக்கில் வாங்காத பொருளை வாங்கியதாக ஒருநாளும் எழுதாத என் கைக்குத் தெரியும்! ஏறவில்லை.

"அப்ப ஓடுங்கக்கா!" என்று கத்தியது யார் தெரியுமா? அதே செவிலியர்! மெத்தை வண்டிக்காரர் ஒலிப்பான் அடித்தார். பயிற்சிக் கார்ப் பெண் வண்டியைத் திருப்பக் கற்றுக்கொண்டதே அந்த மாடியில்தான். விட்டுவிடு விட்டுவிடு என்றவர்கள் எல்லாம் ஓடு ஓடு என்று பின்னால் வந்தார்கள். இறங்கினேன், ஓடினேன், இறைவன் பெயரை மூச்சுக்கு ஒன்றாய்ச் சொல்லி ஓடினேன்!

தெருமுனை திரும்பினேன். வளைவு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஏன் விழவில்லை?

அதன் அடியில் என் மகள் நின்றாள்! சரிந்து வரும் சிவப்புத் துணியை முதுகில் தாங்கி, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கம், நான்காவது சுவரை முடிக்காத என் கணவர், கண்களை மூடிக்கொண்டு தூணைக் கட்டிப் பிடித்திருந்தார்.

"குனிஞ்சு வாம்மா! கை வலிக்குது!"

குனிந்தேன். முடியவில்லை, தவழ்ந்தேன். தவழ்ந்தே கோட்டைக் கடந்தேன்! கடந்த மறுநொடி வளைவு எங்கள் மூவர் மேலும் விழுந்தது.

துணிக்குள் ஒரே சிவப்பு இருட்டு. நான் மூச்சு வாங்கியபடி கேட்டேன்: "ஏண்டி, இதை விட்டிருந்தா உனக்குப் பரீட்சையே இல்லையே. நான் வருவேன்னு எப்படித் தெரியும்?"

"கார் நிறுத்தற மாடி மேல ஒரு ஆம்புலன்ஸும் கட்டிலும் தெரிஞ்சுது. அது வேற யாரும்மா இருக்க முடியும்?"

முகத்தின் மேல் கிடந்த துணியை விலக்கினாள். பிறகு அவளே கேட்டாள்: "கணக்குப் பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசி நாள் என்னிக்கு?"

என் அருமைத் தாய்மார்களே! உச்சி எதற்கு? நாம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று பார்ப்பதற்கு! ஓட்டம் எதற்கு? நமக்காக ஒருத்தி கை வலிக்க நிற்கிறாள், அவள் கையை இறக்கிவிடுவதற்கு! முந்தி வந்தவருக்குப் பதக்கம் உண்டு, பாராட்டு உண்டு. பிந்தி வந்தவளுக்கோ ஓர் ஊர்வலமே உண்டு!

சென்ற வாரம் அவள் தேர்வு எழுதினாள். வாயிலில் நின்று சன்னல் வழியே பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்துவிட்டார்கள். அவள் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் கண்காணிப்பாளர் ஒருவர், விடைத்தாள் கட்ட வேண்டிய நூலும் கையுமாக, முந்தவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றார். லாரி ஓட்டுநரின் அதே முகம்! மணி அடிக்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை. முடிவு இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும். முடித்துவிட்டாள்!

நான்காவது சுவரா? நீல வண்ண டப்பா வாங்கி வந்திருக்கிறார். அவர் மூடியைத் திறக்க வேண்டும் என்று ஆண்டவனை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பேச இடம் தந்த தலைவருக்கும், மணியை அடிக்காமல் தொட்டுக்கொண்டே இருந்த அவர் விரலுக்கும், என் பின்னால் வந்த நான்கு வண்டிகளுக்கும் நன்றி கூறி, உங்கள் அனைவரையும் நன்றாகக் குனிந்தே வணங்கி விடைபெறுகிறேன். குனிந்து கடப்பது எனக்குப் பழகிவிட்டது!