செந்தாவுக்கு நான் பார்த்துக் கொடுத்த வேலை

பயோடேட்டாவை நான் எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். முதல் பக்கத்துப் படிப்பும் பட்டமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது மனிதர்கள் அசந்துபோய் உண்மையைக் கொஞ்சம் எழுதிவிடுவார்கள். புனோம் பென்னில் எட்டு வருடமாக இதுதான் என் வேலை. அநாதை விடுதி, ஊனமுற்றோர் சங்கம், இலவசச் சட்ட உதவி என்று நல்ல காரியம் செய்யும் இடங்களுக்கு அலுவலக ஆட்கள் தேவைப்படும். சம்பளம் மட்டும் போதாது, செய்கிற வேலைக்கு ஓர் அர்த்தம் வேண்டும் என்று சிலர் அலைவார்கள். இரண்டு பேரையும் சேர்த்துவைப்பேன்.

செந்தாவின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி இருந்தது. "என் பெயரும் முகவரியும் எங்கும் வெளிவரக் கூடாது." அதற்குக் கீழே இரண்டு முறை கோடிட்டிருந்தாள்.

அவள் உள்ளே வந்து உட்கார்ந்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. இடது புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு புதிதாக இருந்தது. என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "முன்னாடி எங்கயாவது பாத்திருக்கோமாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லையேம்மா," என்றேன்.

பார்த்திருந்தோம். இந்த வேலைக்கு வருமுன் நான் ஒரு தையல் ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பெண்களுக்குச் சட்ட உதவி செய்யும் ஓர் அமைப்பில் ஆள் எடுப்பதாகத் தெரிந்து விண்ணப்பித்தேன். பதினோரு வருடம் பித்தான்களையும் ஜிப்புகளையும் எண்ணியவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. புதுப் பாவாடை தைத்து உடுத்திக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். கேட்ட எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னேன். மூன்று பேரில் இளையவள் செந்தா. அடிபட்டு வந்த ஒரு பெண்ணின் கதையை எனக்குப் படித்துக் காட்டினாள். முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்ற இருவரிடமும் சொன்னாள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

"அக்காவுக்கு வேலை நல்லாவே தெரியுது. ஆனா இதக் கேட்டு அவங்க மூஞ்சியில ஒண்ணுமே அசையல பாருங்க. இப்படிப்பட்டவங்க இங்க வேண்டாம்."

கோபமில்லாமல், சொத்தைக் காய்கறியை ஒதுக்கித் தள்ளுவது போல் சொன்னாள். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான் வணங்கிவிட்டு எழுந்து வந்தேன். எனக்கு எதுவும் முகத்தில் தெரியாது. அது என் அமைப்பு. என் அம்மா செத்த அன்றைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

அதனால் செந்தா என் முன்னால் வந்து அழுவதற்குள் முகத்தை அசைக்கப் பழகியிருந்தேன். தண்ணீர் கொடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் வேலையை விடச் சொன்னானாம். அப்புறம் அடி. கம்போங் சாம் ஊரில் பாலத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. பெயர் பிருன். "கண்டுபிடிச்சா கொன்னுருவேன்னு சொல்லியிருக்கான்கா. சும்மா சொல்ற ஆளில்ல," என்றாள்.

அவளுக்கு நான் பார்த்துக் கொடுத்ததைவிட நல்ல இடம் யாருக்கும் பார்த்துக் கொடுத்ததில்லை. தூரத்து ஊரான பத்தம்பாங்கில், நிலம் பறிபோன விவசாயிகளுக்கு வழக்கு நடத்தும் ஓர் அமைப்பு. வாசலையொட்டி மேசை. வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு மனு எழுத வேண்டும். அவளுக்கென்றே செய்தது போன்ற வேலை.

இரண்டாம் மாதம் பிருன் என் அலுவலகத்துக்கே வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அவள் எங்கே என்று மரியாதையாகக் கேட்டான். தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அன்று அவளிடம் இழப்பதற்கு எதுவும் இல்லை. ஒரு வாடகை அறை, ஒரு பாய், பயம். அவ்வளவுதான்.

நான் காத்திருந்தேன். புத்தாண்டுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பினாள். மழை பிடித்த பிறகு தொலைபேசியில் பேசும்போது சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு கிழவனுக்கு நெல்வயல் திரும்பக் கிடைத்ததாம். அவன் கோழி கொண்டுவந்து மேசைமேல் விட்டானாம். "காலையில எந்திரிக்கும்போதே ஆசையா இருக்குக்கா. நீங்க நல்லா இருக்கணும்," என்றாள். இனிக் காத்திருக்கத் தேவையில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

வேலையில் இருக்கும்போது எடுத்த படம் ஒன்று கேட்டேன். தயங்கினாள். "எங்க கோப்புக்கு மட்டும்தான்மா. என்கிட்டயே பயமா?" என்றேன். மறுநாளே அனுப்பினாள். அவளுக்குப் பின்னால் அமைப்பின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் படம்தான் எங்கள் நிறுவனம் எல்லோருக்கும் அனுப்பும் செய்தி மடலின் மூன்றாம் பக்கத்தில் வந்தது. மேலே "மனம் நிறைந்த வேலை" என்று தலைப்பு. கீழே அவள் பெயர், ஊர், எந்த நேரத்தில் வந்தால் அவளைப் பார்க்கலாம் என்ற விவரம்.

நிறுவனத்தின் நிர்வாகக் குழுவாக நீங்கள் எழுதிய விசாரணை அறிக்கையைப் படித்தேன். பாதுகாக்கவேண்டிய பெயர் கவனக்குறைவால் அச்சாகிவிட்டது, மடல் எப்படியோ கணவன் கைக்குப் போய்விட்டது, என்னை எச்சரித்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு. ஆனால் கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தை நான்கு முறை மெய்ப்புப் பார்த்தேன். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினேன். மடல் எப்படியோ போகவில்லை. மூன்றாம் பக்கத்தை மேலே மடித்து, உறையிலிட்டு, பாலத்தருகே உள்ள கடைக்கு என் கையால் முகவரி எழுதி, மத்திய தபால் நிலையத்தில் நானே போட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மனு கொடுக்க வந்தவர்களின் வரிசையில் அவனும் நின்றானாம். அவன் முறை வரும்வரை காத்திருந்தானாம். அவள் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. பக்கத்து மேசைப் பெண் சொன்னாள். கத்தியைப் பற்றியும் சொன்னாள். அது உங்கள் அறிக்கையில் இருக்கிறது.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி ஒருவர் முடிவு செய்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் நினைத்தேன். தெரிந்துகொள்ள அவகாசம் கிடைத்ததா என்று தெரியாமல் போனதுதான் எனக்குக் குறை.

மற்றபடி என் வேலையில் நீங்கள் குற்றம் காண முடியாது. நான் சேர்த்துவிட்டவர்கள் பாதியில் விட்டுவிட்டு வரமாட்டார்கள் என்று இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. செந்தாவும் கடைசிவரை அந்த மேசையில்தான் இருந்தாள்.