ரெண்டு கோடு

அக்கா: இதுக்குப் பேரு பார்டராடா? ஜன்னலைச் சுத்திப் பாம்பு ஊர்ந்து போன மாதிரி இருக்கு.

தம்பி: காஞ்சா சரியாயிடும்.

அக்கா: ஆமா, காஞ்சதும் பாம்பு நிமிர்ந்துக்கும். ஊரான் வீட்டுக்கெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி கோடு. அக்கா வீடுன்னா இளக்காரம். காலையிலேயே ஊத்திக்கிட்டியா?

தம்பி: ஊதிக் காட்டட்டுமா?

அக்கா: வேண்டாம். கட்டை விரலைக் காட்டு. வலது கை.

தம்பி: எதுக்கு...

அக்கா: விரல்ல சுத்தியிருக்கிற துணியை அவுருடா.

தம்பி: நகத்துக்குள்ள பெயின்ட் போயிடுச்சுக்கா. அவ்வளவுதான்.

அக்கா: எந்த வீட்டுக்காரன் கறுப்பு அடிக்கச் சொன்னான்?

தம்பி: வீடு இல்ல... ஒரு இரும்பு கேட்டு.

அக்கா: எப்போ?

தம்பி: போன... வருஷம்.

அக்கா: போன வருஷத்துப் பெயின்ட் நகத்தோட வளர்ந்து நகவெட்டியோட போயிருக்கணுமே. உன் நகத்துல இந்தக் கறுப்புக் கோடு அடியிலேருந்து புதுசு புதுசா வருது. அகலமாகிட்டே போகுது. நகத்தைத் தாண்டி தோல்லயும் கறுப்பு. தோலுக்கும் ரெண்டு கோட்டிங் அடிச்சியா?

தம்பி: தின்னர் போட்டுத் தேய்ச்சா...

அக்கா: தேய்ச்சுப் பாத்தியா?

தம்பி: மாசக்கணக்கா.

அக்கா: போச்சா?

தம்பி: தோல்தான் உரிஞ்சுது.

அக்கா: அறிவுக் கொழுந்து. புத்துநோயைத் தின்னர் போட்டுத் தொடைக்கிற ஆளை இப்பத்தான் பாக்கிறேன்.

தம்பி: புத்துநோய்னு... யார் சொன்னா?

அக்கா: நீதான் சொல்லலையே. நகத்தடியில துணுக்கு வெட்டி டெஸ்ட்டுக்கு எடுத்தப்போ யாரோட நம்பரைக் குடுத்தே?

தம்பி: உன்... அடச்சே.

அக்கா: டாக்டரம்மா நேத்து கூப்பிட்டாங்க. 'மெலனோமா, வேகமாப் பரவுற ரகம், முடிவு சொன்ன நாளிலேருந்து ஆளைக் காணோம்'னாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ல நாக்கு கூசுச்சு.

தம்பி: விரலை எடுக்கணும்னு சொன்னாங்களா?

அக்கா: சொன்னாங்க. இப்ப வந்தா அந்த மேல் கணுவோட வெட்டி நிறுத்திக்கலாமாம். இன்னும் ஒளிஞ்சு திரிஞ்சா உன்னையே கொண்டு போயிடுமாம்.

தம்பி: பிரஷ்ஷு நிக்கிறதே அந்த விரல்லதான்கா.

அக்கா: செத்தவனுக்கு எதுக்குடா பிரஷ்ஷு? ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கவா உன்னை வரச் சொன்னேன்? வாசல்ல வண்டி நிக்குது. சட்டையை மாத்து.

தம்பி: ஒரு வாரம் குடு. கோடு நேரா வந்ததும் நானே போறேன்.

அக்கா: எந்தக் கோடு? குடிச்சுட்டுப் போட்ட இந்தக் கோடா?

தம்பி: குடிக்கலைக்கா... அது இடது கையில போட்டுப் பழகினது.